கடைசி ஒன்றரை மீட்டர்: ரங்கத்தின் பழைய கணினிகளும் புதிய திரைகளும்

2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னைக்கும் அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்கும் இடையிலான கடலடி ஒளியிழை வடம் பயன்பாட்டுக்கு வந்தது. நீளம் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர்; செலவு ஏறத்தாழ 1,224 கோடி ரூபாய். போர்ட் பிளேரில் கரையேறிய அவ்வடம் அங்கிருந்து சுவராஜ் தீவு, லாங் ஐலண்ட், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் ஆகியவற்றோடு நடு அந்தமானில் உள்ள ரங்கத்துக்கும் நீண்டது. அதுவரை செயற்கைக்கோளை நம்பியிருந்த ஊர் அது. செய்தி இனி ஒளியாகவே வரும் என்ற பெருமிதம் அன்றைய அறிக்கைகளில் மிகுந்திருந்தது. அது பொய்யுமன்று.

ஆனால் ஒளியாக வந்த செய்தி ஒரு மேசையை அடைந்து, அங்கிருக்கும் பழைய கணினியிலிருந்து அதன் திரைக்குச் செல்ல வேண்டிய கடைசி ஒன்றரை மீட்டரை வேறொரு முறையில்தான் கடக்கிறது. நீல நிற முனையும் இருபுறமும் கையால் திருகும் திருகாணிகளும் கொண்ட அந்தக் கேபிளின் இலக்கணம் 1987-இல் எழுதப்பட்டது. பழைய கணினியின் திரை பழுதாகிப் புதிய திரை வாங்கப்படும் நாளில்தான் அந்த இலக்கணம் எவருக்கும் நினைவுக்கு வருகிறது. தொழில்நுட்ப வரலாறுகள் கணினியையும் எழுதுகின்றன, வலையமைப்பையும் எழுதுகின்றன. இடையிலுள்ள இந்தக் கேபிளை எழுதுவதில்லை. தமிழைப் பொறுத்தவரை அது எழுதப்பட வேண்டிய வரலாறு.

ரங்கத்தில் கணினி ஏன் நெடுங்காலம் வாழ்கிறது என்பதற்கு ஊரின் இருப்பிடமே பாதி விடை. சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு (2024 செப்டம்பரில் இதன் பெயரை ஸ்ரீ விஜயபுரம் என மாற்றும் அறிவிப்பு வந்தது) ஏறத்தாழ மூன்று நாள் கப்பற்பயணம். அங்கிருந்து அந்தமான் பெருஞ்சாலை வழியே 170 கிலோமீட்டர் அளவு. ஜாரவா காப்புப் பகுதியைக் குறித்த நேரங்களில் மட்டும் வரிசையாகச் செல்லும் வண்டிகளோடு கடக்க வேண்டும். நீண்ட காலம் இரண்டு நீரிணைகளை வண்டியோடு படகிலேறித் தாண்ட வேண்டியிருந்தது. தலைநிலத்தில் ஒரு மாலைப்பொழுதில் கிடைக்கும் உதிரிப்பாகம் இங்கே பல நாள் காத்திருப்பு. மறுபாதி விடை ஊரின் மக்களிடம் இருக்கிறது. நாட்டுப் பிரிவினைக்குப் பின் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்த வங்காள அகதிகள் குடியமர்த்தப்பட்ட பகுதி இது. தசரத்பூர், சபரி, பரத்பூர், ஊர்மிளாபூர் எனச் சுற்றுப்புற ஊர்களுக்கு இராமாயணப் பெயர்கள் இடப்பட்டிருப்பது அந்தக் குடியேற்றக் காலத்தின் சுவடு. (வனவாசக் கதையின் பெயர்களைக் காட்டை வெட்டிய இடங்களுக்கு வைத்தவருக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்க வேண்டும்.) ராஞ்சிப் பகுதித் தொழிலாளர்களும் தெலுங்கரும் தமிழரும் இங்கே கலந்தனர். 2011 கணக்கெடுப்பின்படி தீவுகளின் மக்களில் வங்காளத்தைத் தாய்மொழியாகக் கொண்டோர் 28 விழுக்காட்டுக்குச் சற்று மேல்; தமிழர் ஏறத்தாழ 15 விழுக்காடு. பொதுமொழி இந்தி. தமிழ் பள்ளியில் பயிற்றுமொழிகளுள் ஒன்றாகவும் கோயில், தேவாலயம், சங்கம், அச்சகம் ஆகியவற்றின் எழுத்துமொழியாகவும் வாழ்கிறது.

இந்தக் கடைசி வட்டத்தில்தான் பழைய கணினிக்குத் தனி மதிப்பு உண்டு. காரணத்தைக் காண, கேபிளின் வரலாற்றுக்குள் செல்ல வேண்டும்.

1981-இல் ஐ.பி.எம். தனிக்கணினி வெளிவந்தபோது அதன் திரைக்குச் சென்ற சமிக்ஞை டிஜிட்டல்தான். ஒவ்வொரு கம்பியும் ‘உண்டு’ அல்லது ‘இல்லை’ என்று மட்டுமே சொன்னது. வண்ணத் திரைக்குச் சிவப்பு, பச்சை, நீலம், ஒளிர்வு என நான்கு கம்பிகள். ஆக 16 வண்ணங்கள். 1984-இல் வந்த இ.ஜி.ஏ. முறையில் ஆறு கம்பிகள், 64 வண்ணங்கள். வண்ணம் பெருகப் பெருகக் கம்பியும் பெருக வேண்டும் என்ற இந்தக் கணக்கு நீண்டநாள் தாங்காது. 1987 ஏப்ரலில் ஐ.பி.எம். தன் பி.எஸ்/2 வரிசையோடு கொண்டுவந்த வி.ஜி.ஏ. முறை, டிஜிட்டலைக் கைவிட்டு அனலாக்குக்குத் திரும்பியது. மூன்று வண்ணக் கம்பிகள் மட்டும். ஒவ்வொன்றிலும் 0 முதல் 0.7 வோல்ட் வரை ஏறியிறங்கும் மின்னழுத்தம். அழுத்தத்தின் அளவே வண்ணத்தின் அளவு. 640-க்கு 480 என்ற பிக்சல் கட்டத்துக்காக வகுக்கப்பட்ட அதே பதினைந்து பின் முனை, பின்னாளில் 1920-க்கு 1080 வரை, ஏறத்தாழ ஆறு மடங்கு வேகத்தில் படம் கடத்தியது. டிஜிட்டலிலிருந்து அனலாக்குக்குப் பின்வாங்கியதே அதன் நீண்ட ஆயுளுக்குக் காரணம். வரலாறு ஒரே திசையில்தான் முன்னேறும் என்று நம்புவோர் இவ்விடத்தில் சற்று நிற்கலாம்.

தமிழ் எழுத்துக்கும் இந்த மாற்றம் முக்கியமானது. தொடக்ககாலத் திரை அட்டைகளில் எழுத்து வடிவங்கள் அட்டையிலுள்ள சில்லிலேயே நிலையாகப் பதிக்கப்பட்டிருந்தன. அவை உரோமன் எழுத்துகள். ஓர் எழுத்துக்கு ஒரு பெட்டி. ஒருவண்ணத் திரையில் அப்பெட்டி 9 பிக்சல் அகலம், 14 பிக்சல் உயரம். இ.ஜி.ஏ., வி.ஜி.ஏ. முறைகளில்தான் பயனர் தம் வடிவங்களை அப்பெட்டிகளில் ஏற்ற வழி பிறந்தது. வழி பிறந்தாலும் இடம் போதவில்லை. எட்டுப் பிக்சல் அகலத்துக்குள் ‘ண’கரத்தின் சுழிகளைப் பிரித்துக்காட்டுவது கடினம், ‘னை’யும் ‘ணை’யும் ஒன்றுபோலத் தோன்றும். எனவே தமிழைத் திரையில் காட்ட முயன்றோர் பெட்டியை விட்டு, படம் வரைவதுபோல எழுத்தை வரையத் தலைப்பட்டனர். 1984-இல் கனடாவில் கே. சீனிவாசன் உருவாக்கிய ‘ஆதமி’, 1985-இல் மலேசியாவில் முத்து நெடுமாறன் தொடங்கிய ‘முரசு’ ஆகியவை அம்முயற்சிகளின் முன்னோடிகள். இந்தியாவில் கான்பூர் ஐ.ஐ.டி.யில் தொடங்கிப் புனேயின் சி-டாக் நிறுவனத்தில் வளர்ந்த ‘ஜிஸ்ட்’ அட்டை, கணினிக்குள் செருகப்பட்டு, டாஸ் நிரல்களுக்குள்ளேயே இந்திய எழுத்துகளைக் காட்டியது. தமிழ் கணினித் திரையில் ஏறியது திரைத் தொழில்நுட்பத்தின் இடைவெளிகளில் நுழைந்துதான்.

அன்றைய குழாய்த் திரைகள் இதற்கு இசைவானவை. மின்னணுக் கற்றை கண்ணாடியின் பின்புறத்தை வருடிச் செல்லும் அத்திரைக்கு நிலையான பிக்சல் கட்டம் கிடையாது. 640 கேட்டால் 640, 1024 கேட்டால் 1024. எதையும் முகம் சுளிக்காமல் காட்டும். இன்றைய தட்டைத் திரை அப்படியன்று. தொழிற்சாலையிலேயே அதன் கட்டம் முடிவாகிவிடுகிறது. அதற்குள் அனலாக் சமிக்ஞை வந்தால், திரையே அதை நொடிக்குக் கோடிக்கணக்கான முறை அளந்து, எந்த அளவு எந்தப் பிக்சலுக்கு உரியது என்று ஊகிக்க வேண்டும். ஊகம் அரைப் பிக்சல் பிசகினால் எழுத்தின் விளிம்பு கரைகிறது.

ஆங்கில எழுத்து இந்தக் கரைவைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். தமிழில் ஒரு புள்ளியே ‘க’வையும் ‘க்’ஐயும் பிரிக்கிறது. சிறிய எழுத்துருவில் அப்புள்ளி ஒன்றிரண்டு பிக்சல்தான்; அது மங்கினால் மெய் உயிர்மெய்யாகிறது. தொல்காப்பியம் மெய்க்குப் புள்ளியை விதித்திருந்தும், ஓலையில் எழுதியோர் அதைப் பெரும்பாலும் இடாமல் விட்டனர். எழுத்தாணியின் குத்து ஓலையைத் துளைத்துவிடும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் காரணம். படிப்பவர் இடம் நோக்கிப் புள்ளியைத் தாமே வைத்துப் படித்தார். சரிசெய்யப்படாத புதிய திரையின் முன் அமர்ந்திருப்பவரும் அதையே செய்கிறார். திரையின் விளிம்பிலோ பட்டியலிலோ உள்ள ‘ஆட்டோ’ பொத்தானை அழுத்தினால் திரை தன் ஊகத்தைத் திருத்திக்கொள்ளும். வெற்று நீலப் பின்னணியில் அழுத்துவதைவிட, எழுத்து நிறைந்த ஒரு பக்கத்தைத் திறந்துவைத்து அழுத்துவதே பயன் தரும். விளிம்புகள் நிறைந்த படத்திலிருந்துதான் விளிம்பைக் கணிக்க முடியும்.

அடுத்த இடர் வடிவம். பழைய கணினியின் பட்டியலில் பெரும்பாலும் 800-க்கு 600, 1024-க்கு 768 போன்ற நான்குக்கு மூன்று விகிதங்களே இருக்கும். புதிய திரையோ பதினாறுக்கு ஒன்பது. 1024-க்கு 768 அளவிலான படத்தை 1920-க்கு 1080 திரை முழுவதும் பரப்பினால், அகலம் 1.875 மடங்கும் உயரம் 1.406 மடங்கும் ஆகிறது. ஒவ்வோர் எழுத்தும் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக அகன்று நிற்கும். வட்டம் முட்டையாகும். அச்சகத்தில் பக்கம் அமைப்பவருக்கு இது அழகுக் குறை மட்டுமன்று. கண் தரும் அளவே பொய்யாகிவிடுகிறது. திரையின் சொந்தப் பட்டியலில் ‘4:3’ என்ற விருப்பம் இருந்தால், இருபுறமும் கறுப்புப் பட்டை விட்டுப் படம் தன் உருவில் நிற்கும். கறுப்புப் பட்டையைப் பணம் வீணானதாகக் கருதி நீட்டியே வைத்துக்கொள்வோரும் உண்டு; அது அவரவர் கண்.

இவ்வளவு வேறுபாடுகளுக்கு நடுவிலும் பழைய கணினியும் புதிய திரையும் பேசிக்கொள்வது எப்படி? 1987-இன் திரை தன்னைப் பற்றிச் சொல்ல ஒருசில பின்களே இருந்தன. வண்ணத் திரையா, ஒருவண்ணத் திரையா என்பதற்கு மேல் அவை பெரிதாக எதையும் சொல்லவில்லை. 1994-இல் வீசா என்ற தரநிலை அமைப்பு அப்பின்களில் இரண்டை, 12-ஆவதையும் 15-ஆவதையும், வேறு பணிக்கு மாற்றியது. திரைக்குள் ஒரு சிறு நினைவகம். அதில் 128 பைட் அளவில் திரையின் சுயவிவரம்: தயாரிப்பாளர், தயாரித்த வாரமும் ஆண்டும், காட்டக்கூடிய அளவுகள். இதற்கு ஈ.டி.ஐ.டி. என்று பெயர். கணினி இயங்கத் தொடங்கியதும் முதலில் இதைப் படிக்கிறது. 2000-களின் தொடக்கத்துக் கணினி, தான் பிறந்தபோது கருவிலும் இல்லாத திரையை இனங்காண்பது இதனால்தான்.

தயாரிப்பாளரின் பெயர் இதில் மூன்று எழுத்தாகச் சுருக்கப்பட்டு, ஓர் எழுத்துக்கு ஐந்து பிட் வீதம் அடைக்கப்படுகிறது. ஐந்து பிட்டில் 32 மதிப்புகள். சுழியத்தை நீக்கினால் 31. ஆங்கிலத்தின் 26 எழுத்து அதில் அடங்கி ஐந்து இடம் எஞ்சுகிறது. தமிழின் உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, மொத்தம் 31. ஓரிடமும் மிச்சமின்றிப் பொருந்தும் அந்தப் பெட்டி தமிழுக்காகச் செய்யப்பட்டதன்று என்பது வேறு செய்தி.

அந்த விவரப்பட்டியலுக்கும் எல்லை உண்டு. அதன் ஒரு பகுதியில் அகலத்தை எட்டின் மடங்காகவே குறிக்க முடியும். சிறிய திரைகளில் பரவலாக இருந்த 1366-க்கு 768 என்ற அளவில் 1366 எட்டால் வகுபடாது. ஆகவே பழைய கணினிகள் பல 1360 என்றே காட்டின. ஆறு பிக்சல் வேறுபாட்டைத் திரை நீட்டி நிரப்பும்போது மீண்டும் எழுத்து மங்குகிறது. உப்புக்காற்றில் முனை கறுத்தாலோ, மலிவான கேபிளில் அந்த இரு பின்களே இல்லாவிட்டாலோ, படம் வரும், பெயர் வராது. முன்னிருப்பது யாரென்று அறியாத கணினி, தீங்கு நேராத சிறிய அளவொன்றைத் தேர்ந்துகொள்ளும். கடலோர ஊர்களில் புதிய திரையைக் குறைசொல்லும் முன் கேபிளை மாற்றிப் பார்ப்பது நல்லது.

2010 டிசம்பரில் இன்டெல், ஏ.எம்.டி., டெல், லெனோவோ, சாம்சங், எல்.ஜி. ஆகியவை சேர்ந்து வி.ஜி.ஏ.வுக்கு விடைகொடுக்கும் திட்டத்தை அறிவித்தன. 2015-க்குள் தன் சில்லுகளிலிருந்து அது நீங்கும் என்றது இன்டெல். கடலடி வடம் ரங்கத்துக்கு வந்தது அந்தக் கெடுவுக்கு ஐந்தாண்டு கழித்து. அப்போதும் விலை குறைந்த திரைகள் பலவற்றின் பின்புறம் நீல முனை இருந்தது. மெல்ல அதுவும் குறைந்து, எச்.டி.எம்.ஐ. மட்டுமே கொண்ட திரைகள் பெருகிவருகின்றன. அங்கே கேபிள் போதாது. அனலாக்கை அளந்து டிஜிட்டலாக்கும் மாற்றி தேவை. இதில் பலர் ஏமாறுவது திசையில்: கடைகளில் மிகுதியாகக் கிடைப்பது புதிய கணினியைப் பழைய திரைக்கு இணைக்கும் மாற்றி. உருவில் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும், எதிர்த்திசையில் இயங்காது. பழைய கணினிக்கு வேண்டியது ‘வி.ஜி.ஏ.யிலிருந்து எச்.டி.எம்.ஐ.க்கு’ என்ற திசை; அதற்கு யூ.எஸ்.பி. வழியாகத் தனி மின்சாரமும் பெரும்பாலும் வேண்டும். பக்கத்துக் கடையில் மாற்றிக்கொள்ளும் வாய்ப்பில்லாத ஊரில் இந்தத் தவறு ஒரு வாரத்தைத் தின்றுவிடும்.

இவ்வளவு பாடுபடுவதைவிடப் புதிய கணினியே வாங்கிவிடலாமே என்ற கேள்வி நியாயமானது. பொதுப் பணிகளுக்கு அதுவே சரியான விடையும்கூட. எக்ஸ்.பி.க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரல் 8-உடன் நின்றுவிட்டன. அத்தகைய கணினியை இணையத்தில் இணைப்பது அறிவுடைமையன்று. ஆனால் தமிழில் தட்டச்சான பழைய கோப்புகள் இருக்கும் இடத்தில் விடை அத்தனை எளிதன்று.

ஒருங்குறியில் தமிழ் 1991-இலேயே இடம்பெற்றது. விண்டோஸ் அதைத் தாங்கியது 2000-ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து. எக்ஸ்.பி.யில்கூட அதற்கான கோப்புகளைக் குறுந்தகட்டிலிருந்து தனியே நிறுவ வேண்டியிருந்தது. அந்த இடைவெளியை நிரப்பியவை எட்டு பிட் எழுத்துருக்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டின் வழி தமிழ்நாடு அரசு டாம், டாப் குறியாக்கங்களைத் தரப்படுத்தியது. இணையக் குழுக்கள் டிஸ்கியை வளர்த்தன. அச்சகங்களோ தத்தம் எழுத்துருவிலேயே நின்றன. அவற்றுள் ‘பாமினி’ போன்றவை ஆங்கில எழுத்துகளின் இருக்கையிலேயே தமிழ் வடிவங்களை அமர்த்தியவை. பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளிக்கு இடம் அரைப்புள்ளிக் குறியின் இருக்கை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளுக்கு நடுவே அரைப்புள்ளிகள் சிதறிக் கிடக்கும். ஒவ்வோர் அரைப்புள்ளியும் ஒரு மெய்யின் புள்ளி. 2010-இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்றபின்னும் அந்தக் கோப்புகள் தாமாக மாறிவிடவில்லை.

எழுத்தை மட்டும் மாற்றும் நிரல்கள் உள்ளன. அவை பெரும்பாலும் நன்றாகவே வேலை செய்கின்றன. பக்கம்தான் சிக்கல். தமிழ் அச்சகங்களில் நெடுங்காலம் ஆட்சி செய்த பேஜ்மேக்கரின் கடைசிப் பெரும்பதிப்பு 2001-இல் வந்தது. அது ஒருங்குறியை அறியாது. அழைப்பிதழ், விழா மலர், வினாத்தாள், சங்க அறிக்கை என அதில் அமைந்தவற்றை எழுத்தும் அமைப்பும் கெடாமல் திறக்க, அந்த நிரலும் அந்த எழுத்துருவும் அந்தக் காலத்து இயங்குதளமும் சேர்ந்திருக்கும் கணினியே வேண்டும். தலைநிலத்தில் ஒரு மலர் தொலைந்தால் வேறெங்கோ ஒரு நூலகத்தில் படி கிடைக்கலாம். இந்திப் பொதுமொழியின் நடுவே, வங்காளமும் தெலுங்கும் பக்கத்தில் ஒலிக்க எழுதப்பட்ட தீவுத் தமிழுக்கு அத்தகைய காப்பகம் மிகக் குறைவு. மொழித்தொடர்பை ஆய்வோர் தேடும் சான்று பேச்சுப் பதிவில் மட்டும் இல்லை. உள்ளூரில் தட்டச்சாகி, உள்ளூரிலேயே படிக்கப்பட்டு மறைந்த இந்தத் துண்டுத்தாள்களிலும் இருக்கிறது.

அந்தக் கணினியின் உள்ளுறுப்புகளுக்கு முன்பே களைத்துப்போவது குழாய்த் திரைதான். 15 அங்குலக் குழாய் 60 முதல் 80 வாட் வரை இழுக்கும், புதிய எல்.இ.டி. திரைக்கு 20 வாட் அளவே போதும். டீசல் மின்னாக்கிகளை நம்பியிருக்கும் தீவுகளில், மின்தடையின்போது யூ.பி.எஸ். தாங்கும் நேரத்தை நீட்டுவது இந்த வேறுபாடே. பழையதை மூலையில் எறிவதும் கூடாது. குழாயின் கண்ணாடியில் ஈயம் உண்டு, மின்கழிவுக்குரிய வழியில்தான் அது தீவை விட்டுச் செல்ல வேண்டும்.

எறிவதற்கு முன் அதற்கு ஒரு கடைசிப் பணி இருக்கிறது. குழாய்த் திரை சிமிட்டாதிருக்க 75 அல்லது 85 ஹெர்ட்ஸ் வைத்திருந்த கணினியைப் புதிய திரையில் இணைத்தால் ‘வரம்புக்கு அப்பால்’ என்ற அறிவிப்பு மட்டும் மிதக்கலாம். பழைய திரைக்கு உயிர் இருக்கும்போதே அதில் 60 ஹெர்ட்ஸ், 1024-க்கு 768 என்று குறைத்துவைத்துவிட வேண்டும். தவறினால், கணினி தொடங்கும்போது எஃப்8 விசையை அழுத்தி ‘வி.ஜி.ஏ. மோடு’ என்ற வரியைத் தேர்ந்தெடுக்கலாம். எக்ஸ்.பி. அப்போது 1987-இன் அளவான 640-க்கு 480-க்கு இறங்கிவரும். பெரிய சின்னங்களோடு, அகன்ற எழுத்துகளோடு படம் தோன்றும். அங்கிருந்து அளவைச் சரிசெய்து, மறுமுறை தொடங்கி, பேஜ்மேக்கரில் பழைய மலரைத் திறந்து, எழுத்து நிறைந்த ஒரு பக்கத்தை முன்வைத்து, ‘ஆட்டோ’ பொத்தானை ஒருமுறை அழுத்தினால், படம் ஓரிரு நொடி நடுங்கி நிற்கும். மெய்களின் தலையில் புள்ளிகள் தெரியத் தொடங்கும்.